அக்கா பெயருக்குப் பின்னால்

அந்தப் பயண அலுவலகத்தில் மொத்தம் மூன்று மேசைகள். முதலாவதில் முதலாளி, இரண்டாவதில் அடிக்கடி மக்கர் பண்ணும் பிரிண்டர், மூன்றாவதில் செக்கிங் அம்மா. அந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. எத்தனையோ பேரைக் கடல் தாண்டி அனுப்பி வைத்தவள் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால், "தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கறவரு படமா பாத்துட்டு இருக்காரு?" என்பாள்.

அவளிடம் டிக்கெட் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. வந்தவர் நாற்காலியில் சரியாக உட்கார்வதற்குள் கையை நீட்டுவாள். "பாஸ்போர்ட்டக் குடுங்க."

"பேருதானே மேடம், நானே சொல்றேன், எழுதிக்குங்க."

"வாயால வர்றது வேண்டாம். கையில குடுங்க."

பாஸ்போர்ட்டை வாங்கியதும் முதலில் கடைசித் தேதியைப் பார்ப்பாள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் அப்படியே மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "உள்ள விடமாட்டாங்க. புதுசு வாங்கிட்டு வாங்க" என்பதோடு பேச்சு முடிந்தது. நடுவில் விமானம் மாறுவதற்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால், "ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சிருக்கீங்களா?" என்று கேட்பாள். தினமும் சாப்பிடும் மாத்திரை கைப்பையில்தான் இருக்க வேண்டும், கூடவே டாக்டர் சீட்டும் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டேன் என்று சொன்னவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

நள்ளிரவு விமானங்கள் விஷயத்தில் அவளுக்குத் தனிக் கோபமே உண்டு. பதினாலாம் தேதி பன்னிரண்டரை என்று டிக்கெட்டில் இருக்கும். நம் ஆட்களுக்கோ விடிந்தால்தான் தேதி மாறும். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் குடும்பத்தோடு பதினாலாம் தேதி ராத்திரி ஜம்மென்று போய் நின்றிருக்கிறார். விமானம் முந்தின ராத்திரியே போயாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் டிக்கெட்டின் மேல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிக் கொடுப்பாள். அதில் விமான நேரமே இருக்காது. 'பதிமூன்றாம் தேதி மாலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டவும்' என்று மட்டும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் பெயர். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. விமானக்காரர்களின் படிவத்திலோ அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் ஊர்ப் பெயரைப் போடுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டாக உடைத்துப் பாதியைத் தள்ளிவிடுவார். பெண்களுக்கு இரட்டைத் தொல்லை. கல்யாணத்துக்கு முன் அப்பா, பின்னால் கணவர். டிக்கெட்டில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றும் இருந்தால் கவுண்டரில் இருப்பவருக்கு அது இரண்டு ஆள். அதனால்தான் செக்கிங் அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்ப்பாள். பார்த்து முடித்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பி, "இன்னொரு தரம் பாத்துக்குங்க" என்பாள். அவர்கள் பார்த்து முடித்ததும் மறுபடியும், "இன்னொரு தரம்."

இப்பேர்ப்பட்டவள் தன் வாழ்க்கையில் போட்ட முதல் சொந்த டிக்கெட்டில் கோட்டை விட்டாள்.

அவளுக்கு ஓர் அக்கா உண்டு. ஒன்பது வயது மூத்தவள். சின்ன வயதில் அக்காதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள், ஒரே பாயில் படுத்துக் கதை சொன்னாள், கணக்கு வராமல் அழுதபோது கூடவே உட்கார்ந்து திட்டினாள். ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த அக்கா, அந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக்கை விரும்பினாள். அப்பா முடியவே முடியாது என்றார். அக்கா பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போய்விட்டாள். தங்கைக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்று காலை அரைகுறையாகப் பின்னிய ஜடையோடு அவள் பள்ளிக்கூடம் போனாள்.

அப்பா போன பிறகு உறவு ஒட்டிக்கொண்டது. அக்காவும் இதே ஊருக்குக் குடிவந்து, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி வீடு பிடித்தாள். ஆனால் அந்த லிஃப்ட் மெக்கானிக் விஷயத்தில் மட்டும் செக்கிங் அம்மாவின் மனசு இறங்கி வரவில்லை. சண்டை எதுவும் கிடையாது. "வாங்க" என்பாள், "டீ சாப்பிடறீங்களா?" என்பாள். அவர் அவளை வாய் நிறைய "மச்சினி, மச்சினி" என்று கூப்பிடுவார். பதிலுக்கு அவள் அத்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அக்காவிடம் பேசும்போது "உங்க வீட்டுக்காரர்", மற்றவர்களிடம் "அவரு". நாற்பது வருடத்தில் அந்த ஒரு சொல் அவள் வாயில் வரவே இல்லை.

அவர் போய் நாலு வருடமாகிறது. உயிரோடு இருந்தவரை அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். ஏதோ ஒரு வெளிநாட்டு ஏரிக்கரையிலிருந்து மலை உச்சிக்கு ரோப் கார் போகிறது என்று பத்திரிகையில் பார்த்திருந்தார். "லிஃப்ட்டுன்னா நேரா ஏறும், நேரா இறங்கும். இது சாய்வால்ல போகுது? பிரேக்க எங்க வெச்சிருப்பான்?" இதை வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் போகலாம் என்று தனக்கும் மனைவிக்கும் சேர்த்துப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் சொன்னாள். "என் பாஸ்போர்ட்டு முடியப் போகுதுடி. அவரு எடுத்துக் குடுத்தது. முடியறதுக்குள்ள ஒரு தடவ அந்த ஏரிக்குப் போயிட்டு வந்துடணும். நீ கூட வர்றியா?"

செக்கிங் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவோடு பத்து நாள்! மறுபடி ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. "தேதியப் படி" என்றாள். அக்கா படித்தாள். எட்டு மாதம் இருந்தது. ஆறு மாதம் கழித்தால் கையில் இரண்டு மாதம். இறங்குகிற இடத்திலேயே விசா கொடுத்துவிடுகிறார்கள், அந்தக் கவலையும் இல்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்ததும் பார்த்தால் ஆறே இருக்கைகள்தான் மிச்சம். படபடவென்று அடித்துப் போட்டுவிட்டாள்.

பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கவில்லை. சொந்த அக்கா பெயரை யாராவது பார்த்தா எழுதுவார்கள்? முதலாளிகூடத் தன் மேசையிலிருந்து கிண்டலாக, "இன்னொரு தரம் பாத்துக்குங்க" என்றார். அவள் சிரித்தாள். பார்க்கவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் அக்காவின் வீடு அமளிதுமளிப்பட்டது. பெட்டியின் எடையைப் பார்க்கத் தராசு வந்தது. ரத்தக்கொதிப்பு மாத்திரை பத்து நாளைக்கு அல்ல, பதினாலு நாளைக்கு எண்ணிக் கைப்பைக்குள் போனது. எல்லாக் காகிதங்களிலும் இரண்டு பிரதி, ஒன்று இவள் பையில், ஒன்று அவள் பையில். பயணக் காப்பீட்டில் முழங்கால் வலி சேர்த்தியா இல்லையா என்று செக்கிங் அம்மா அந்தக் கம்பெனிக்கே போன் போட்டுக் குடைந்தாள். அக்கா ஐந்தாவது புடவையை எடுத்து வைத்தபோது, "அங்க என்ன ஜவுளிக்கடையா வெக்கப் போற?" என்று வெளியே எடுத்துப் போட்டாள்.

"உன் கூட வர்றதுக்கு நான் வீட்டுலயே இருந்துடலாம்போல" என்று அக்கா சிரித்தாள்.

கிளம்புவதற்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது, மஞ்சள் சீட்டு ஒட்டிய டிக்கெட்டை அக்கா கையில் கொடுத்தாள். அக்கா ஜன்னலோரம் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். வெகுநேரம் படித்தாள்.

"இது யாரு?"

"எது?"

"என் பேருக்குப் பின்னாடி அப்பா பேரு இருக்கு."

செக்கிங் அம்மா வாங்கிப் பார்த்தாள். அவளுடைய பெயருக்குப் பின்னால் அப்பா. அக்கா பெயருக்குப் பின்னாலும் அப்பா. பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொல்லித் திறந்தாள். அங்கே அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் பெயர் முழுசாக இருந்தது.

"அவசரத்துல... பழக்கதோஷம்க்கா. நாளைக்கே மாத்திடறேன்."

"பழக்கமா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். ரேஷன் கார்டுல, பேங்குல, ஆஸ்பத்திரிச் சீட்டுல எல்லாம் அவரு பேருதான். உன் மனசுல மட்டும் நான் இன்னும் அந்த வீட்டுல பாயில படுத்துட்டு இருக்கேன், இல்ல?"

அது உண்மை. அக்காவை யோசித்தால் செக்கிங் அம்மாவின் கண்முன் வருவது இருபத்தொரு வயதுப் பெண்தான். அந்த மனிதர் நடுவில் வந்து கூட்டிக்கொண்டு போனவர். அவர் செத்த பிறகு, சொல்லவே கூசுகிறது, அக்கா திரும்பக் கிடைத்துவிட்டாள் என்றுகூட ஒரு மூலையில் தோன்றியிருந்தது.

"நான் வரல. நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு அக்கா துணி காயப்போடப் போய்விட்டாள்.

மறுநாள் காலை செக்கிங் அம்மா விமானக் கம்பெனிக்குத் திருத்தம் கேட்டு எழுதினாள். மதியம் பதில் வந்தது. எழுத்துப்பிழை என்றால் திருத்தலாம். ஆனால் இங்கே மாறுவது முழுப் பெயர். டிக்கெட்டில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் வேறு வேறு நபர்கள் என்றே கொள்ளப்படும். திருமணத்தால் மாறிய பெயர் என்றால் பதிவுச் சான்றிதழ் வேண்டும். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்புவரைதான் அவகாசம். புது டிக்கெட் போடலாம் என்றால் அந்த விமானத்தில் இடமே இல்லை. அடுத்த மாதமோ அங்கே காற்று ஆரம்பித்து, ரோப் கார் நின்றுவிடும். அது அடங்குவதற்குள் பாஸ்போர்ட்டின் ஆறு மாதக் கணக்கு இடிக்கும்.

வேறு வேறு நபர்கள் என்ற வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். எத்தனை பேருக்கு இதே வரியைச் சொல்லிக் கடிந்திருக்கிறாள்! முதலாளி பெரிய மனுஷத்தனமாக எதுவும் கேட்காமல், "செவ்வாய்க்கிழம லீவு எடுத்துக்குங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். அக்கா திறந்தாள், முகம் கொடுக்கவில்லை.

"கல்யாணப் பதிவுச் சான்றிதழ் வேணும்."

"நான்தான் வரலேன்னு சொல்லிட்டேனே."

"வரவேண்டாம். பேரையாவது சரி பண்ண விடு."

அக்கா பீரோவைத் திறந்து அவர் அடுக்கி வைத்திருந்த நீல ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தாள். செக்கிங் அம்மா பிரித்தாள். பிரித்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொரு பிளாஸ்டிக் உறைக்குள். உறையின் மூலையில் தேதி. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. முன்பக்கம் ஓர் அட்டவணை, எந்தக் காகிதம் எத்தனையாவது உறையில் என்று. இதை அவளே செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. அத்தனை வருடம் டீ கொடுத்து அனுப்பிய மனிதர் தன்னைப்போலவே ஒருவர் என்று அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது.

சான்றிதழ் மூன்றாவது உறையில் இருந்தது. கடைசி உறையில் பத்திரிகையிலிருந்து வெட்டிய ரோப் கார் படம். அதோடு குண்டூசியால் குத்திய ஒரு சின்னத் தாள். அவருடைய கையெழுத்து: 'மச்சினி சொன்னது – இப்போது காற்று சீசன், வண்டி ஓடாது. அடுத்த வருடம்.'

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு முன், ஓய்வு பெற்ற கையோடு, இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அவர் அவளுடைய மேசைக்கு வந்தார். கேட்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்த ஒரே வாடிக்கையாளர்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அவரு ஆபீசுக்கு வந்தப்போ காத்து சீசன்னு சொன்னேன். பொய் இல்ல. ஆனா அந்தக் காத்து மூணு வாரம்தான். மூணு வாரம் கழிச்சுப் போங்கன்னு சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அடுத்த வருஷம்னு சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா கிளம்பறதுக்கு என் கையால டிக்கெட் போட மனசு வரல."

அக்கா அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். அடுத்த வருடம் வந்தது, வண்டி ஓடும் சீசனும் வந்தது, அதற்கு இரண்டு மாதம் முன்பே பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தார்.

"மூணு வாரமா?" என்றாள் அக்கா.

"ம்."

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து இந்தச் சீட்ட எழுதும்போது நான் சண்ட போட்டேன். வேற ஆபீஸ்ல போய்க் கேளுங்கன்னு சொன்னேன். அவரு கேக்கல. 'உன் தங்கச்சி ஒண்ணுக்குப் பத்து தரம் பாக்கறவ. அவ வேண்டாம்னா வேண்டாம்தான்'னு சொல்லிட்டாரு."

செக்கிங் அம்மா அழுதாள். மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக அழுதாள். அக்கா பக்கத்தில் வரவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவளுக்கும் கோபம் இருந்தது, அது நியாயமான கோபம், ஓர் அழுகையில் தீர்கிற கோபமுமில்லை. பிறகு அங்கிருந்தபடியே சொன்னாள்.

"எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு. சான்றிதழ எடுத்துட்டுப் போ. நான் போகத்தான் போறேன். ஆனா அவரு பேர்லதான் போவேன்."

செக்கிங் அம்மா அன்று லீவு என்பதையும் மறந்து அலுவலகத்துக்கு ஓடினாள். சான்றிதழைப் படமெடுத்து இணைத்தாள். திருத்தப் படிவத்தில் அந்தப் பெயரை அடித்தாள். அவள் கையால் அந்தப் பெயரை எழுதுவது அதுதான் முதல் தடவை. பாஸ்போர்ட்டை எதிரில் விரித்துவைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டாள். இன்னொரு தரம். மறுபடி இன்னொரு தரம். அனுப்பிவிட்டு உட்கார்ந்தவளுக்குப் புதன்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை மதியம், அவகாசம் முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது, திருத்திய டிக்கெட் வந்தது. முதலாளி தன் கையாலேயே அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அன்று அந்தப் பிரிண்டரும் மக்கர் பண்ணவில்லை.

விமானத்தில் அக்கா அதிகம் பேசவில்லை. ஆனால் ஜன்னலோர இருக்கையைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்தாள். செக்கிங் அம்மா முதல் தடவையாக மேகத்தை மேலிருந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே கைப்பையைத் தொட்டு மாத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ரோப் கார். ஏரி அசையாமல் கிடந்தது, காற்றே இல்லை. முன்பதிவு செய்தவர்களை ஒவ்வொரு குழுவாகக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினார்கள். குழுவில் முதல் ஆளின் குடும்பப் பெயரை மட்டும்தான் கூப்பிடுவார்கள். செக்கிங் அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் முதல் ஆளாக அக்காவைப் போட்டிருந்தாள். அக்காவிடம் சொல்லவில்லை.

நீலத் தொப்பி போட்ட ஊழியர் பட்டியலைப் பார்த்து உரக்க ஏதோ கூப்பிட்டார். யாரும் நகரவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவர் வாயில் சிக்கிச் சின்னாபின்னமாகி வந்ததால் அக்காவுக்கே அது யாருடைய பெயர் என்று புரியவில்லை.

செக்கிங் அம்மா முன்னால் போனாள். அந்தப் பெயரைத் தன் வாயால், நிறுத்தி நிதானமாக, எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அலுவலகத்தில் பழகிய இங்கிலீஷில், "இன்னொரு தரம் கூப்பிடுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். சரியாக வரவில்லை. தலையை ஆட்டி, திருத்தி, "இன்னொரு தரம்" என்றாள். வரிசையில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த தடவை அந்த ஊழியர் மூச்சை இழுத்துக்கொண்டு சுத்தமாகக் கூப்பிட்டார். முழுப் பெயரும் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

அக்கா விலுக்கென்று நிமிர்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். கதவு மூடி, வண்டி சாய்வாக மேலே நகர ஆரம்பித்த பிறகுதான் கேட்டாள்.

"ஏண்டி, அந்த ஆள எதுக்கு அத்தன தரம் கூப்பிட வெச்ச?"

"அத்தான் பேரத் தப்பாக் கூப்பிட்டா வேற ஆளுன்னு ஆயிடும்க்கா" என்றாள் செக்கிங் அம்மா.